முகம் கம்பெனியுடையது: ஃபுளோரன்ஸ் லாரன்ஸும் அமெரிக்கத் திரைப்படத்தின் தொடக்க ஆண்டுகளும்

1908-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ ஐந்து சென்ட் கொடுத்துப் படம் பார்க்கப் போனவருக்கு, திரையில் தெரியும் நடிகையின் பெயரைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் வராது. கொட்டகை வாசலில் ஒட்டிய காகிதத்திலும் இருக்காது. தெரிந்ததெல்லாம் படத்தை எடுத்த கம்பெனியின் பெயர்தான். ஆனாலும் ஒரு முகத்தை ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். கண்களில் துறுதுறுப்பும், குதிரையேற்றம் முதல் குடும்பச் சண்டை வரை எதையும் செய்துகாட்டும் துணிச்சலும் கொண்ட அந்த இளம்பெண் யார் என்று கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். கம்பெனி பதில் சொல்லவில்லை. எனவே கம்பெனியின் பெயரையே அவருக்குச் சூட்டி 'பயோகிராஃப் பெண்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ். 'உலகின் முதல் திரை நட்சத்திரம்' என்ற பட்டத்தோடு அவரைப் பற்றி அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். பெரும்பாலும் புகழ், விபத்து, வறுமை, துயர முடிவு என்ற ஒரே வரிசைதான். நடந்தவை பொய்யில்லை. ஆனால் அந்த வரிசையில் சொன்னால் அவர் விதிக்குப் பலியான ஒரு பாவப்பட்ட பெண்ணாக மட்டுமே நிற்கிறார். என் கருத்தில் அவர் கதையின் மையம் வேறு. நடிப்பவரின் முகமும் பெயரும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அமெரிக்கப் படத்தொழிலில் முதன்முதலில் கடுமையாக எழுந்தபோது, அதன் நடுவில் நின்றவர் அவர். அந்தக் கேள்வியைத் தம் வாயாலேயே கேட்டவரும்கூட.

கம்பெனிகள் ஏன் பெயரை மறைத்தன? பெயர் தெரிந்தால் நடிகர்கள் கூலியை உயர்த்திக் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் பலர் படத்தில் நடிப்பதை மானக்கேடாக நினைத்து, தாங்களே பெயரை வெளியே விட விரும்பவில்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தே நடிப்புக்கென்று வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தவர். இவற்றையெல்லாம்விட முக்கியமானது வியாபாரம் நடந்த விதம். துணியைக் கஜக்கணக்கில் விற்பதுபோல் அன்று படத்தை அடிக்கணக்கில் விற்றார்கள். ஒரு ரீல் என்றால் சுமார் 1,000 அடி, பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கொட்டகைக்காரர் வாரத்துக்கு இத்தனை ரீல் என்று எடுப்பார். எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதை மட்டும் பார்ப்பார். 1908 டிசம்பரில் எடிசன், பயோகிராஃப், விட்டாகிராஃப், எஸ்ஸனே, லூபின் முதலிய கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. கேமராவுக்கும் படம் காட்டும் கருவிக்கும் அவர்களிடம் உரிமம் வாங்கியே தொழில் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது. இப்படி ஓடிய தொழிலில் தனி மனித முகத்துக்கு விலை போட அவர்களுக்கு அவசியம் ஏற்படவில்லை.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. தொடக்க காலப் படங்களில் நடிகரின் தலையும் காலும் ஒருசேரத் தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்தார்கள். முகம் சிறியதாகத்தான் தெரிந்தது. 1908-1909 காலத்தில் கேமரா மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. முகத்தில் ஓடும் உணர்ச்சியைப் படிக்க முடிந்ததும், பார்ப்பவர் அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வேறொரு கதையில் அதே முகம் வந்தால் மகிழ்ந்தார். ஃபுளோரன்ஸ் பயோகிராஃபில் சேர்ந்தது சரியாக இந்தத் திருப்பத்தில்தான்.

அவர் 1886 ஜனவரி 2-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஹாமில்டன் நகரில் பிறந்தார். இயற்பெயர் ஃபுளோரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வுட். தாய் சார்லட், லோட்டா லாரன்ஸ் என்ற பெயரில் ஒரு நாடகக் குழுவை நடத்தியவர். அந்த 'லாரன்ஸ்' என்பதையே மகளும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தந்தை குதிரை வண்டி கட்டும் தொழில் செய்தவர். மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது நிலக்கரி வாயு தாக்கி இறந்துபோனார். சிறுமி ஃபுளோரன்ஸை விசிலடிக்கும் அதிசயக் குழந்தை என்று விளம்பரம் செய்து மேடையேற்றினார்கள். ஊர் ஊராகப் பெட்டி படுக்கையோடு அலைந்து வளர்ந்த பெண் அவர். மேடையில் நின்று சம்பாதிப்பது அவருக்குச் சிறுவயதிலேயே பழகிப்போன வேலை.

படத்துறைக்குள் அவரைக் கொண்டுவந்தது அழகைவிடக் குதிரை. எடிசன் கம்பெனி, அமெரிக்காவின் எல்லைப்புற வீரர் டேனியல் பூன் பற்றிய படம் எடுத்தபோது சவாரி தெரிந்த பெண் தேவைப்பட்டார். தாய்க்கும் மகளுக்கும் வேலை கிடைத்தது. நாளொன்றுக்கு 5 டாலர் கூலி, கடுங்குளிரில் திறந்தவெளியில் இரண்டு வாரப் படப்பிடிப்பு. அதன்பின் விட்டாகிராஃப். அங்கே நடிப்பது மட்டுமில்லை, உடை தைக்கும் வேலையும் சேர்த்துச் செய்தார். 1908-இல் கிரிஃபித் தம் படமொன்றுக்குக் குதிரை ஓட்டத் தெரிந்த நாயகியைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஹேரி சோல்ட்டர் என்ற நடிகர் வழியாக ஃபுளோரன்ஸ், நியூயார்க்கின் பதினான்காம் தெருவில் ஒரு பழைய மாளிகைக்குள் இயங்கிய பயோகிராஃப் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தார். வாரத்துக்கு 25 டாலர் கூலி; விட்டாகிராஃபில் தையலும் நடிப்புமாகச் சேர்த்து வாங்கியதைவிட 5 டாலர் கூடுதல். அதே ஆண்டு ஆகஸ்டில் சோல்ட்டரை மணந்தார்.

அந்த ஸ்டூடியோவில் வேலை எப்படி இருந்தது என்பதை எண்ணிக்கையே சொல்லிவிடும். 1908-இல் கிரிஃபித் இயக்கிய சுமார் 60 படங்களில் பெரும்பாலானவற்றில் அவர் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு படங்கள் என்ற வேகம். ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தின் அடங்காத காதரீனா ஒரு வாரம், திருடி இன்னொரு வாரம். டால்ஸ்டாயின் பெரிய நாவலான 'ரிசரெக்ஷன்' 1909-இல் ஒரே ரீலுக்குள் சுருக்கப்பட்டபோது கத்யூஷாவாக நடித்தவரும் இவர்தான். ஜான் காம்ப்சன் என்ற கனத்த உடல் நடிகரோடு ஜோன்ஸ் தம்பதியாக அவர் நடித்த நகைச்சுவைத் தொடர் நன்றாக ஓடியது. கணவன் மனைவி சண்டையை வைத்து அமெரிக்காவில் வந்த முதல் படத்தொடர்களில் ஒன்று அது.

'பிட்ரேய்ட் பை எ ஹேண்ட்பிரின்ட்' என்ற 1908-ஆம் ஆண்டுப் படத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விருந்தொன்றில் சீட்டாடித் தோற்கும் பெண், கடனைத் தீர்க்க வழியில்லாமல், வீட்டுக்காரியின் வைர மாலையைத் திருடுகிறாள். கட்டடத்தின் வெளிச்சுவரில் உள்ள குறுகிய விளிம்பில் அடிமேல் அடி வைத்து அடுத்த அறை ஜன்னலுக்குப் போகிறாள். திருடிய மாலையைச் சோப்புக் கட்டியைக் குடைந்து உள்ளே ஒளிக்கிறாள். கடைசியில் கைரேகை பார்ப்பவர் எடுத்து வைத்திருந்த கைப்பதிவு அவளைக் காட்டிக்கொடுக்கிறது. கதை எளிமையானது. ஃபுளோரன்ஸின் நடிப்பில் கவனிக்க வேண்டியது, அவர் வசனமில்லாத இடங்களை எப்படி நிரப்புகிறார் என்பது. அக்கால நடிகர்கள் பலர் கோபமென்றால் கையை வானுக்கு உயர்த்தினார்கள், துக்கமென்றால் நெற்றியில் கை வைத்தார்கள். இவரிடமும் அந்தப் பழக்கம் முற்றிலும் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்கும் பெண்ணை அவரால் காட்ட முடிந்தது. ஜனங்கள் அவரை நினைவில் வைத்துக்கொண்டதற்கு அந்தக் கணங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கூலி விஷயத்தில் அவர் கூச்சப்பட்டவர் இல்லை. தினக்கூலி வேண்டாம், வாரச் சம்பளம் வேண்டும் என்று பயோகிராஃபில் கேட்டு, வழக்கமான தொகையைப்போல் இரு மடங்கு பெற்றார். தன் பெயரைச் சொல்ல மறுக்கும் கம்பெனி, தன் முகத்தை வைத்து ரீல் விற்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 1909-இல் அவரும் சோல்ட்டரும் எஸ்ஸனே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள்: ஒருவர் நாயகி, ஒருவர் இயக்குநர், எங்களை எடுத்துக்கொள்வீர்களா? எஸ்ஸனே பதில் எழுதவில்லை. நேரே பயோகிராஃப் முதலாளிகளிடம் தகவலைச் சொல்லிவிட்டது. இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். காப்புரிமைக் கூட்டமைப்பு கேமராவை மட்டுமல்ல, தொழிலாளிகளையும் கட்டிப்போட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. வெளியில் போட்டிக் கம்பெனிகள், உள்ளுக்குள் ஒரே வீடு.

இந்த இடத்தில்தான் கார்ல் லேம்லி வருகிறார். ஜெர்மனியில் பிறந்து சிகாகோவில் பட விநியோகம் செய்துகொண்டிருந்த அவர், 1909-இல் கூட்டமைப்பை எதிர்த்து வெளியேறி, இம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சொந்தப் படக் கம்பெனியைத் தொடங்கினார். கூட்டமைப்பு அவர்மீது வழக்குக்கு மேல் வழக்காகத் தொடுத்தது. பழைய கம்பெனிகளின் பெயருக்கு ஈடாகக் கொட்டகைக்காரர்களிடம் காட்ட அவரிடம் எதுவுமில்லை. எனவே, ஃபுளோரன்ஸைத் தம் கம்பெனியில் சேர்த்துக்கொண்டு, எதிரிகள் மறைத்து வைத்த பொருளை அவர் வெளியே வைத்தார்: ஒரு முகமும் அதற்குரிய பெயரும்.

1910 மார்ச் மாதக் கதை பிரசித்தமானது. ஃபுளோரன்ஸ் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார் என்று செயின்ட் லூயிஸ் நகரில் வதந்தி கிளம்பியது. மார்ச் 12-ஆம் தேதியிட்ட 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' இதழில் லேம்லி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். இது எங்கள் எதிரிகள் கிளப்பிய பொய்; கோழைத்தனமானது என்பதால் கறுத்த பொய், எளிதில் முறியடிக்கக்கூடியது என்பதால் அசட்டுப் பொய் என்று சீறிவிட்டு, நடிகை நலமாக இருக்கிறார், இம்ப் படங்களில் தொடர்ந்து நடிப்பார் என்று அறிவித்தது அது. அதே மூச்சில் மார்ச் 14-இல் வெளிவரும் 950 அடிப் படத்துக்கும் விளம்பரம்! மாத இறுதியில் ஃபுளோரன்ஸை நடிகர் கிங் பாகட்டோடு செயின்ட் லூயிஸ் நகருக்கே அனுப்பி, உயிரோடு இருப்பதைக் கண்ணாரக் காணும்படி செய்தார். ரயில் நிலையத்தில் கூட்டம் முண்டியடித்தது.

வதந்தியைக் கிளப்பியதே லேம்லிதான் என்று பரவலாக நம்பப்படுகிறது. அவருடைய வியாபாரக் குணத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் இந்த ஒரு நாடகத்திலிருந்து நட்சத்திர முறையே பிறந்துவிட்டது என்று சொல்வது மிகை. கேலம் கம்பெனி 1910 ஜனவரியிலேயே தன் நடிகர்களின் பெயர்களோடு படங்களை அச்சிட்டுக் கொட்டகைகளில் மாட்டக் கொடுத்தது. பிரான்சில் நகைச்சுவை நடிகர் மேக்ஸ் லிண்டரின் பெயர் ஏற்கெனவே பேசப்பட்டது. விட்டாகிராஃபில் ஃபுளோரன்ஸ் டர்னர் என்ற நடிகை அதே காலத்தில் பெயரோடு மக்கள் முன் தோன்றினார். கதவைப் பல பேர் ஒரே சமயத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 'முதல்' என்ற பட்டம் விளம்பரத்துக்கு வசதியானது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவருக்குப் பெயர் கிடைத்த விதம் அவருடைய சாவைப் பற்றிய செய்தி வழியாக. அதை வெளியிட்டவர் முதலாளி, அதில் லாபம் அடைந்தவரும் முதலாளி. பெயர் வெளியே வந்ததே தவிர, அதன் மீதான அதிகாரம் அவர் கைக்கு வரவில்லை.

அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இம்ப் கம்பெனியில் ஏறக்குறைய 50 படங்களோடு நிறுத்திக்கொண்டு, ஃபிலடெல்ஃபியாவில் இருந்த லூபின் கம்பெனிக்குப் போனார். அங்கே ஆர்தர் ஜான்சனோடு ஜோடியாக இன்னொரு 48 படங்கள். அவர் விட்டுப்போன இடங்களையெல்லாம் மேரி பிக்ஃபோர்ட் என்ற நடிகை நிரப்பினார். பயோகிராஃபிலும், பின்னர் இம்ப்பிலும். 1912-இல் லேம்லியின் பண உதவியோடு ஃபுளோரன்ஸும் சோல்ட்டரும் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரில் விக்டர் என்ற சொந்தப் படக் கம்பெனியை நிறுவினார்கள். நாயகிக்கு வாரம் 500 டாலர், இயக்கும் கணவருக்கு 200 டாலர். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாரம் 25 டாலருக்கு நடித்தவர் அவர். அமெரிக்காவில் சொந்தமாகப் படக் கம்பெனி நடத்திய முதல் பெண்களில் அவரும் ஒருவர். நியூ ஜெர்சியில் 50 ஏக்கர் நிலம் வாங்கி ரோஜாத் தோட்டம் போட்டார். இவ்வளவும் நடக்கும்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஆனால் விக்டர் நிலைக்கவில்லை. லேம்லி உருவாக்கிய யுனிவர்சல் என்ற பெரிய அமைப்புக்குள் அது 1913-இல் கரைந்துபோனது.

இதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். கார் ஓட்டுவதில் அவருக்கு அளவற்ற ஆசை. 1914 வாக்கில் ஒரு கருவியை அமைத்தார்: ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் ஒரு கை உயர்ந்து, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருபவருக்குக் காட்டும். பிரேக்கை மிதித்தால் 'நில்' என்ற பலகை எழும்பும். காப்புரிமை பெறவில்லை. அவர் தாய் சார்லட் 1917-இல் மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடித் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். அதிலும் பணம் வரவில்லை. இன்றைய கார்களின் விளக்குகள் இவருடைய கருவியிலிருந்து நேரடியாக வந்தவை அல்ல. ஆனாலும் ஒரு திரைப்பட நடிகை தம் கையால் இதை யோசித்துச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

அதே 1914-இல்தான் விபத்தும் நேர்ந்தது. 'பான்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்ற படத்துக்காகச் செயற்கையாக மூட்டிய தீ கைமீறிப் போனது. அவருக்குத் தீக்காயம், தலைமுடி பொசுங்கியது, விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டது. மாதக்கணக்கில் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. மருத்துவச் செலவை ஏற்க யுனிவர்சல் மறுத்தது. அந்தக் காட்சியை எடுக்கச் சொன்ன கணவர்மீது அவருக்குக் கோபம், திருமணமும் உடைந்தது. 1916-இல் 'எலூசிவ் இசபெல்' என்ற முழுநீளப் படத்தில் நடித்து முடித்ததும் மறுபடி விழுந்தார். நான்கு மாதங்கள் உடல் செயலற்றுக் கிடந்தார்.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளி எவ்வளவு கொடியது என்பது மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் புரியும். அவர் படுக்கையில் இருந்தபோது ஒரு ரீல் படங்களின் காலம் முடிந்தது. முழுநீளப் படங்கள் வந்தன. தொழில் கிழக்குக் கடற்கரையிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. காப்புரிமைக் கூட்டமைப்பு சட்டவிரோதம் என்று 1915-இல் தீர்ப்பு வந்தது. பிக்ஃபோர்ட் 1916-இல் வாரம் 10,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். 1919-இல் சாப்ளின், ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோரோடு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபுளோரன்ஸ் 1912-இல் தொட முயன்றதைத்தான் பிக்ஃபோர்ட் ஏழு ஆண்டுகள் கழித்து முழுமையாகப் பிடித்தார். பிக்ஃபோர்டின் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உடல் நலமும் காலமும் அவர் பக்கம் இருந்தன. ஃபுளோரன்ஸ் 1921-இல் ஹாலிவுட்டுக்கு வந்தபோது, அவரைத் தெரிந்த ரசிகர்கள் வேறு முகங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரு சாதாரணப் படத்தில் நாயகி, இரண்டில் துணை வேடம். 1924-க்குப் பிறகு கிடைத்ததெல்லாம் பட்டியலில் பெயர் வராத சிறு வேடங்கள்.

அதன்பின் வேகமாகச் சொல்லிவிடலாம். சோல்ட்டர் 1920-இல் இறந்தார். ஃபுளோரன்ஸ் கார் விற்பனையாளர் ஒருவரை மணந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஒப்பனைப் பொருள் கடை நடத்தினார். அந்தத் திருமணம் முறிந்தது. தாய் 1929-இல் இறந்தார். மூன்றாவது கணவர் அடித்துத் துன்புறுத்தியதால் ஐந்து மாதங்களில் பிரிந்தார். 1936-இல் எம்.ஜி.எம். நிறுவனம் பழைய நடிகர்கள் சிலருக்கு வாரம் 75 டாலருக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலை கொடுத்தது. அதில் அவரும் ஒருவர். எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் நோய் வந்து வலியிலும் சோர்விலும் கிடந்த அவர், 1938 டிசம்பர் 28-இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 52. ஹாலிவுட் மயானத்தில் பெயர்க்கல் இல்லாமல் புதைக்கப்பட்டார். 1991-இல்தான் ஒரு கல் நடப்பட்டது. 'பயோகிராஃப் பெண், முதல் திரை நட்சத்திரம்' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பிறந்த ஆண்டை 1890 என்று தவறாகப் பொறித்துவிட்டார்கள்.

சுமார் 300 படங்களில் நடித்தவரை இன்று எவ்வளவு பார்க்க முடிகிறது? பெயர் வெளியான பிறகு நடித்தவற்றில் மிகச் சிலவே மிஞ்சின. 1914 ஜூனில் லூபின் கம்பெனியின் படக் கிடங்கில் பெருந்தீ. எளிதில் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் சாம்பலாயின. இம்ப், விக்டர் படங்களைக் கையில் வைத்திருந்த யுனிவர்சல், ஊமைப் படங்களால் இனி வருமானம் இல்லை என்று 1948-இல் தன்னிடமிருந்த மூலப்பிரதிகளை அழித்தது.

ஆனால் பயோகிராஃப் படங்கள் தப்பித்தன, அதுவும் ஒரு சட்டச் சிக்கலால். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அசையும் படத்துக்கு இடமில்லை; நிழற்படத்துக்கு மட்டுமே உண்டு. எனவே கம்பெனிகள் முழுப் படத்தையும் நீண்ட காகிதச் சுருளில் நிழற்படங்களாக அச்சிட்டு, நாடாளுமன்ற நூலகத்தில் பதிவு செய்தன. பதிவுக்காகச் செய்த அந்தக் காகிதச் சுருள்களுக்கு நைட்ரேட் ஃபிலிமைப்போல் எளிதில் தீப்பிடிக்கும் ஆபத்து இல்லை. சுமார் 3,000 படங்கள் இப்படி நூலகத்தில் கிடந்தன. 1950-களில் கெம்ப் நைவர் என்பவரின் முயற்சியில் அவற்றை ஒவ்வொரு கட்டமாகப் படம்பிடித்து மறுபடி ஃபிலிமுக்கு மாற்றினார்கள். அதனால்தான் ஃபுளோரன்ஸின் 1908, 1909 ஆண்டுப் படங்கள் பல நமக்குக் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' முதலில், ஜோன்ஸ் தம்பதிப் படங்கள் ஒன்றிரண்டு அடுத்து, 'ரிசரெக்ஷன்' அதற்குப் பிறகு என்று சொல்வேன். மூன்றையும் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.